நடுவழியில் நிற்கும் பணம்

ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் நான் எங்கள் கடன் சங்கத்துக்குப் பாக்கி. சங்கத்தின் வெப் பக்கம் அப்படித்தான் காட்டியது. எல்லாவற்றையும் கட்டிவிட்டேன் என்பது என் கட்சி.

வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் சங்கத்தின் இரும்புப் பெட்டி இருக்கிறது. தோட்டக்கூலி வாங்கும் நாங்கள் சனிக்கிழமைகளில் தவணையை அதில் போட்டுவிட்டு, அவரவர் போனில் தொகையை அடித்துப் பொத்தானைத் தட்டுவோம். பச்சை டிக் வரும். எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல் சாட்சரதா என்னும் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் வந்தது. மெதுவாகத்தான் படிப்பேன். டிக்கைப் பார்த்ததும் போனை மடியில் செருகிக்கொண்டு நடந்துவிடுவேன்.

பாக்கி தீராமல் புதுக் கடன் கிடையாது. எனக்கோ புல் வெட்டும் மெஷின் வாங்கக் கடன் வேண்டும். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. மெஷின் இருந்தால் அடுத்த சீசனில் தலைச்சுமை இல்லாமல் பிழைத்துக்கொள்வேன்.

பொருளாளர் கத்தரீனாள் அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "பெட்டியில ஆளு தெரியாத பணம் மிச்சம் கிடக்கு யாக்கோபு. நீ உன்னோடதுங்கிற. இன்னும் அஞ்சு பேரும் அப்படியே சொல்லுதாங்க. நான் யாரை நம்பிக் குடுக்க?" என்றார்.

அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதித் தரும்படி என் அண்ணன் மகள் ஜெஸ்னாவையும், அவளோடு வேலை பார்க்கும் லிபினையும் சங்கம் கேட்டிருந்தது. பழையதை யாரோ ஜாவாஸ்கிரிப்டில் அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இந்தத் தடவை ஃபங்ஷனல் மொழிதான் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். ஓரிடத்தில் வைத்த கணக்கை வேறொரு மூலையிலிருந்து சத்தமில்லாமல் மாற்ற விடாத மொழி என்று ஜெஸ்னா எனக்குச் சொன்னாள். அதில் எது என்பதில்தான் தகராறு. லிபினுக்கு க்ளோஜர்ஸ்கிரிப்ட், அவளுக்கு எல்ம். தவணை கட்டும் திரையை மட்டும் ஆளுக்கொரு மொழியில் எழுதிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தட்டிப் பார்க்கும் ஆள் நான்.

மத்தியானத்துக்குள் லிபின் முடித்துவிட்டான்.

"மாமா, என்னோடது ஓடுது பாருங்க. அவளோடது இன்னும் படி ஏறல" என்றவன் அவள் பக்கம் திரும்பினான். "எல்முல புதுப் பதிப்பு வந்து வருஷக்கணக்காச்சு. நாளைக்கு நீ கல்யாணம் கட்டிப் போயிட்டா இந்த மலையில யாரு பாப்பா?"

"ஆமா, உன் மொழியில வரிக்கு வரி கிடக்கற அடைப்புக்குறிய எண்ணிக் குடுக்க இங்க வரிசையில நிக்காங்க. நம்ம பக்கம் சின்னது. மொழி அடிக்கடி மாறாம கிடந்தா எனக்கு வேலை மிச்சம்."

அவள் கட்டளை கொடுத்தாள். திரையில் சிவப்பில் வரிகள் வந்தன. எல்ம் ஏற்கவில்லை.

லிபின் சிரித்தான். "உன் ஆளே உன்னைய உள்ள விட மாட்டேங்குது."

"என்னம்மா சொல்லுது?" என்று கேட்டேன்.

"நான் நாலு நிலைமை எழுதியிருக்கேன் சித்தப்பா. இன்னும் தட்டல, தட்டின தகவல் போய்க்கிட்டிருக்கு, போய்ச் சேர்ந்துட்டு, போகல. இதுல போய்க்கிட்டிருக்கும்போது என்ன காட்டணும்னு எழுத மறந்துட்டேன். அதைச் சொல்லாம நகர மாட்டேங்குது."

"அப்போ டிக்குதான வரும்?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்போ மாமா?"

"தட்டின உடனே. மழையில ஸ்டோர்ப் பக்கம் சிக்னலே இருக்காது. அப்பவும் வருமே."

ஜெஸ்னா பழைய நிரலைத் திறந்து விரலால் வரிவரியாக இறங்கினாள். "மொதல்ல டிக்கைக் காட்டிட்டு, அப்புறந்தான் அனுப்பவே ஆரம்பிக்குது. சிக்னல் இல்லன்னா போன்லயே போட்டு வெச்சிட்டுத் திரும்ப அனுப்பறதே இல்ல. போனைக் குடுங்க சித்தப்பா."

கொடுத்தேன். மழைக்காலத்தில் நான் கட்டிய தவணைகள், தேதியோடு, கிளம்பாமலே உள்ளே கிடந்தன. கூட்டிப் பார்த்தோம். ஆறாயிரத்து முந்நூறு.

லிபின் தன் திரையை மறுபடி பார்த்தான். "நானும் தட்டுனதும் சேர்ந்துட்டுன்னு நெனச்சுத்தான் எழுதியிருக்கேன். மொழி மேல தப்பில்ல, நான் மறந்தேன்."

"நானும்தான் மறந்தேன்" என்றாள் ஜெஸ்னா. "எனக்கு எல்ம் ஞாபகப்படுத்திச்சு."

நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். டிக் மட்டும் போதாது, 'இன்னும் போய்ச் சேரவில்லை, காத்திருங்கள்' என்று பெரிய எழுத்தில் தமிழிலேயே வர வேண்டும். மெதுவாகப் படித்தாலும் படித்துவிடுவேன். அவள் அந்த இடத்திலேயே எழுதினாள். எல்ம் இப்போது மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து, பின்னால் இருக்கும் அறையில் சங்கக் கூட்டம். மற்ற ஐந்து பேரும் போனோடு வந்தார்கள். அவர்கள் போன்களிலும் தவணைகள் அதேபோல் சிக்கிக் கிடந்தன. கத்தரீனாள் அக்கா ஆள் தெரியாத பணத்தைக் கட்டி வைத்திருந்த துணி முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொருவர் பெயருக்கும் பிரித்து வைத்தார். கடைசியில் இருநூறு ரூபாய்க்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அதை மறுபடி முடிந்து வைத்தார்.

"எந்த மொழின்னு முடிவாச்சா புள்ளைகளா?"

"எல்ம்" என்றான் லிபின், ஜெஸ்னா வாய் திறக்கும் முன்பே. "இவ போயிட்டா நான் பாத்துக்கிடுதேன். படிச்சுக்கிடலாம்."

"நான் எங்கடா போறேன்?" என்றாள் அவள்.

கத்தரீனாள் அக்கா என் பக்கம் திரும்பினார். "யாக்கோபு, உன் பாக்கியை அடிச்சாச்சு. நீ ஒரு ரூவா தர வேண்டாம். மெஷின் என்ன விலைன்னு விசாரிச்சிட்டியா?"

விசாரித்து வைத்திருந்தேன். சொன்னேன்.