பின்கழுத்திலிருந்து அளந்தால்

"நான் கேட்டேனா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"கேட்டீங்க சித்தப்பா, நான் இல்லைன்னா சொன்னேன், ஆனா அது—"

"ஆனா கீனா எல்லாம் வேண்டாம். மெயில் போடவான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"மெதுவா பேசுங்க. படிக்கட்டுல நிக்கிறேன், ஆளுங்க போறாங்க—"

"அங்க யாருக்கு நம்ம பேச்சு புரியப்போகுது? 'மெயிலெல்லாம் எதுக்கு சித்தப்பா, நான் பாத்துக்கறேன்'னு சொன்ன. பாத்துக்கிட்டியா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"மூவாயிரத்து இருநூறு சட்டை. பாத்துக்கிட்ட லட்சணம் நல்லா இருக்கு."

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், யாரும் அதிகம் நடக்காத அவசரப் படிக்கட்டில் அவள் நின்றிருந்தாள். மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்கு மேல்மாடியில் கூட்டம். கூட்டத்தில் திரையின் அந்தப் பக்கம் சித்தப்பா உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள். இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் நடந்துகொள்ள வேண்டும்.

கடல் கடந்து வந்து ஃபேஷன் வியாபாரத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கிறாள். இரண்டு வருடப் படிப்பில் கடைசிக் கட்டம், ஏதாவது ஒரு துணி நிறுவனத்தில் பன்னிரண்டு வாரப் பயிற்சி. அதில் பத்து வாரம் முடிந்துவிட்டது. மேலாளர் 'தேறினாள்' என்று கையெழுத்துப் போட்டால் பட்டம். போடாவிட்டால் பட்டமும் இல்லை, அதை நம்பி நிற்கும் மாணவர் விசாவும் இல்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சித்தப்பா அந்த நிறுவனத்துக்குச் சட்டை தைத்து அனுப்புகிறவர். பதினோரு வருடமாக அனுப்புகிறார். இவள் சொல்லி அவருக்கு ஆர்டர் வரவில்லை, அவர் சொல்லி இவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதுவரை எல்லாம் நேர்மையாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் அவளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய அளவுத் தாள்களைப் புதுப் படிவத்தில் ஏற்ற வேண்டும். பெண்கள் சட்டை ஒன்று. உயரம் அறுபத்தாறு சென்டிமீட்டர். எங்கிருந்து அளப்பது என்ற கட்டத்தில் பழைய தாளில் 'பின்கழுத்து நடுவிலிருந்து' என்று இருந்தது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தது 'தோள் உச்சியிலிருந்து'. கை அதைத்தான் தட்டியது. கழுத்துத் தையல் தோளில் மேடாகவும் பின்னால் பள்ளமாகவும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்.

சித்தப்பாவின் கட்டிங் மாஸ்டர் லேசுப்பட்டவர் இல்லை. நிறுவனம் ஒப்புக்கொண்டு சீல் போட்டு அனுப்பிய மாதிரிச் சட்டையை எடுத்துத் தோள் உச்சியிலிருந்து அளந்தார். அறுபத்தெட்டு. தாளில் அறுபத்தாறு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். சித்தப்பா உடனே நிறுவனத்துக்கு மெயில் போட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டுப் பெண் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது ஊராருக்கு எதற்குக் கடுதாசி என்று போனை எடுத்தார். அவள் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தான் அடித்த தாளைப் பற்றி ஒரு கேள்வி மேலாளரின் மேசைக்குப் போய்விடக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான். "மெயிலெல்லாம் எதுக்கு, புது ஷீட்டுதான் சரி சித்தப்பா, அதுபடி வெட்டுங்க" என்றாள்.

வெட்டினார்கள், தைத்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய பிறகு பார்த்தால் எல்லாச் சட்டையும் இரண்டு சென்டிமீட்டர் குட்டை.

"இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு நாலு வரி எழுதிக் குடு. இன்ன தேதியில போன்ல கேட்டாங்க, நான்தான் சொன்னேன்னு. அவ்வளவுதான்."

"ஆபீஸ் நம்பரை விட்டுட்டு உன் சொந்த நம்பருக்கு எதுக்குப் போன் பண்ணாருன்னு கேப்பாங்களே."

"சித்தப்பான்னு சொல்லு. நான் என்ன திருடனா?"

"சேரும்போது ஒரு ஃபாரம் குடுத்தாங்க சித்தப்பா. நமக்குச் சரக்கு அனுப்பறவங்கள்ல உறவுக்காரங்க யாராவது இருக்காங்களான்னு. நான் இல்லைன்னு டிக் போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே சித்தப்பா யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு குரல் மாறியது. போன் சித்தியின் கைக்குப் போயிருந்தது. தொழிற்சாலையின் கடிதப் போக்குவரத்து, கப்பல் காகிதம் எல்லாம் சித்திதான்.

"உறவு இல்லைன்னு டிக் போட்டியாமே. நல்லது. அப்ப உறவு இல்லாதவங்க மாதிரியே நாங்களும் பேசிக்கறோம்."

"சித்தி, அப்படி இல்ல—"

"நீ பேசாத. அன்னிக்கே நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், மெயில் போடுங்க, மெயில் போடுங்கன்னு. உங்க சித்தப்பாதான், நூலு சொன்னா சரியா இருக்கும், அவ படிச்சவன்னாரு. படிச்சவ."

ஒல்லியாக இருந்ததால் சின்ன வயதில் வைத்த பேர் நூலு. அதைச் சித்தி சொன்ன விதத்தில் அறுந்து விழுந்ததுபோல் இருந்தது.

"சித்தி, எனக்கு இன்னும் ரெண்டே வாரம். கையெழுத்து வாங்கிட்டேன்னா அப்புறம் நானே போய்—"

"அப்புறமா? இன்னிக்குப் பத்து மணிக்குத் தலையை எடுக்கப்போறாங்க, அப்புறம் வந்து நீ தைலம் தடவுவியா? போனை வை."

அவள் வைக்குமுன் அங்கேயே வைத்துவிட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது காபி இயந்திரத்தின் முன்னால் அவளுடைய வகுப்புத் தோழி நின்றிருந்தாள். அறையும் ஒன்று, மொழியும் ஒன்று. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பேர். அதே கட்டடத்தில் பெல்ட், கைப்பை பிரிவில் பயிற்சி.

"என்னடி, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்க?"

"எழுதிக் குடுக்கச் சொல்றாங்க."

"குடுக்காத."

"நான்தானே சொன்னேன்."

"சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா? நீ உங்க வீட்டுக்குத் தினம் போன் பேசற. அதுல எது சட்டை, எது சாப்பிட்டியான்னு யார் கண்டா?"

"அதனாலதான் எழுத்துல கேக்கறாங்க."

"அப்புறம் என்ன? வாயைத் திறக்காத. உங்க சித்தப்பாவுக்கு இது ஒரு ஆர்டர். உனக்கு இது ரெண்டு வருஷம்."

"ஒரு ஆர்டர் இல்லடி. அவர்கிட்ட சரக்கு வாங்க வேற கம்பெனியே இல்ல. இவங்களை நம்பித்தான் நாப்பது மெஷின் ஓடுது."

"ஃபாரத்துலயாவது உண்மையைப் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, கட்டினவங்கன்னுதான் கட்டம் இருந்துச்சு. சித்தப்பாவுக்குக் கட்டமே இல்ல."

"அதுக்குக் கீழ 'மற்றவர்'னு ஒண்ணு இருக்கும். நானும் அதே ஃபாரம்தான் போட்டேன்." வக்கீல் காபியை ஊதிக் குடித்தாள். "சரி, அவ்வளவு மனசு உறுத்துச்சுன்னா போய்ச் சொல்லு. டிக்கெட் நான் பாத்துத் தரேன். ஜன்னல் சீட்டு வேணுமா?"

அவள் கூட்ட அறைப் பக்கம் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் வக்கீல், "ஏய், விளையாட்டுக்குச் சொன்னேன், நில்லுடி" என்றது கேட்டது. நிற்க நேரமில்லை.

கூட்ட அறையின் நீள மேசை முழுவதும் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது. நடுவில் சிவப்பு அட்டை கட்டிய மாதிரிச் சட்டை. பக்கத்தில், வந்த சரக்கிலிருந்து எடுத்த பத்துச் சட்டைகள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும் மேலாளரைப் பயிற்சிப் பெண்கள் தங்களுக்குள் 'இன்ச் டேப்' என்பார்கள். இன்ச் டேப் ஒவ்வொரு சட்டையையும் கவிழ்த்துப் போட்டு, இழுக்காமல் உள்ளங்கையால் நீவி, பின்கழுத்து நடுவில் நாடாவை வைத்து அளந்தார்.

"அறுபத்து நாலு."

அவள் கணினியில் குறித்தாள்.

"அறுபத்து நாலு. அறுபத்து நாலு. ஒரு நூல் கூடக் குறைய இல்ல, பாத்தியா? என்ன சுத்தமான தையல். அதுதான் வருத்தமா இருக்கு."

திரை உயிர்பெற்றது. கழுத்துப் பொத்தான்வரை போட்ட, அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டையில் சித்தப்பா. திரையின் ஓரத்தில் சித்தியின் முழங்கை மட்டும். சித்தப்பா வியாபாரத்துக்குப் போதுமான அளவு அந்த ஊர் மொழி பேசுவார். மேலாளருக்கு வணக்கம் சொன்னார். பிறகு இவளைப் பார்த்து, "உங்களுக்கும் வணக்கம், மேடம்" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

இன்ச் டேப் சுற்றி வளைக்கவில்லை.

"ஷீட்டுல தப்பு எங்களோடது. டைப் பண்ணது கத்துக்க வந்த பொண்ணு, சரிபாக்காம கையெழுத்துப் போட்டது நான். அதை நான் ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஒப்பந்தத்துல என்ன இருக்கு? ஷீட்டும் சீல் பண்ண சாம்பிளும் ஒத்துப்போகலைன்னா, வெட்டறதுக்கு முன்னாடி நீங்க எங்களைக் கேக்கணும். கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"மெயில் எதுவும் இல்லையே."

"போன்ல."

"யார்கிட்ட?"

சித்தப்பா வாயைத் திறந்தார். மூடினார். அவருடைய கண்கள் எங்கே போகின்றன என்று கேமராவில் சரியாகத் தெரியவில்லை. திரையின் ஓரத்திலிருந்து சித்தியின் குரல் தமிழில் வந்தது.

"சொல்லுங்களேன். வாயைத் தச்சு வச்சிருக்கா?"

"நீ சும்மா இரு. புள்ள அங்க உக்காந்திருக்கு."

"புள்ள உக்காந்திருக்கு. இங்க நாப்பது பேர் வெளிய வந்து நின்னுட்டிருக்காங்க, என்ன ஆச்சுன்னு கேட்டு."

"ரெண்டு வருஷம் படிச்சிருக்கா."

"அப்ப கொஞ்சம் முன்னாடி போன்ல அவகிட்ட அந்தக் கத்து கத்தினீங்களே, எதுக்கு?"

"கத்தறது வேற. நாலு பேர் முன்னாடி காட்டிக் குடுக்கறது வேற."

"கேட்டது அவகிட்ட, மெயில் வேண்டாம்னது அவ. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"சொன்னா நான் எழுந்திரிச்சுப் போயிடுவேன்."

இன்ச் டேப் பேனாவால் மேசையைத் தட்டினார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"இவங்க பேசறது உன் மொழிதானே. என்ன சொல்லிக்கறாங்க?"

அவள் விரல்கள் விசைப் பலகைமேல் இருந்தன. இரண்டு வாரம். பதினான்கு நாள். வக்கீல் சொன்னதும், சித்தப்பா இப்போது சொன்னதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அவரே வேண்டாம் என்கிறார். அவரே.

"யார்கிட்ட பேசினோம்னு ஞாபகம் இல்லைன்னு சொல்றாங்க, மேடம்."

சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊர் மொழி சித்தப்பாவைவிடச் சித்திக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடக் காகிதம் அத்தனையும் அந்த மொழியில் படித்தவர் சித்தி.

திரையின் ஓரத்தில் முழங்கை அசையாமல் இருந்தது. பிறகு சித்தி தமிழில், கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நல்லா சொன்னீங்க, மேடம்."

முழங்கை விலகியது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம், கதவு திறந்து மூடும் சத்தம்.

"இப்ப என்ன சொன்னாங்க?" என்றார் இன்ச் டேப்.

"ஒண்ணும் இல்ல. சரின்னாங்க."

"அப்படியா?" என்று இன்ச் டேப் திரையைப் பார்த்துக் கேட்டார். "ஞாபகம் இல்லையா?"

சித்தப்பா இரண்டு கையையும் மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டார். "ஆமா மேடம்," என்றார். "ஞாபகம் இல்ல."

இன்ச் டேப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியைத் தேய்த்தார். கடுமையான மனுஷிதான், ஆனால் கல் இல்லை.

"ஒரு பேரு, ஒரே ஒரு பேரு சொல்லுங்க. எங்க ஆள்ல யாராவது ஒருத்தர் ஆமான்னு சொன்னாப் போதும், இந்தப் பாரத்தை நான் எங்க தலையில ஏத்திக்குவேன். பேரே இல்லாம நான் மேல என்னன்னு சொல்ல?"

சித்தப்பா கோத்த கையைக் குனிந்து பார்த்தார்.

"சரி. எனக்கு வேற வழி இல்ல. சரக்கைத் திருப்பி அனுப்பறோம். அடுத்த சீசன்லேருந்து உங்களைப் பட்டியல்ல வச்சிருக்க முடியாது. பதினோரு வருஷம். வருத்தமாத்தான் இருக்கு." அவர் இவள் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "கூட்டக் குறிப்புல எழுதிக்கோ. வெட்டறதுக்கு முன்னாடி தொழிற்சாலை நம்மைக் கேக்கலை."

அவள் தட்டினாள். 'வெட்டுவதற்கு முன்' என்று வந்தது. 'தொழிற்சாலை' என்று வந்தது. அதற்கு மேல் வர வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. திரையில் சித்தப்பா அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், எழுது என்பதுபோல. அந்த ஆட்டத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் போனில் போல இங்கேயும் கத்தியிருந்தால் எழுதியிருப்பாளோ என்னவோ.

"எழுதிட்டியா?" என்றார் இன்ச் டேப்.

"இல்ல மேடம்."

"ஏன்?"

அவள் கையை விசைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா திரையில் அவசரமாக, "நூலு, வேண்டாம்" என்றார். அவள் திரையைப் பார்க்காமல், அந்த ஊர் மொழியிலேயே, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அவங்க பேசினதை நான் மாத்திச் சொல்லிட்டேன், மேடம். கேட்டது என்கிட்ட, மெயில் வேண்டாம்னு சொன்னது நான், அவர் எங்க அப்பாவோட தம்பி."