போட்டுப் பார்க்காத கூடு

டை என்கிற எஃகு அச்சுக்குள் எமரி உப்புத்தாள் விட்டுத் தேய்க்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. சிங்காநல்லூரில் என் லேத் பட்டறைக்கு வந்து, அதற்காக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட இந்த ரசாக்தான் அதைச் செய்தேன். முப்பத்தாறாம் வருஷம், ஆயுத பூசைக்கு மூன்று நாள் முன்பு.

என் சிநேகிதன் ஆறுச்சாமிக்கு ஆனைமலையில் தோட்டம். சீமைக்குத் திரும்பிப்போன எஸ்டேட் துரை ஒருவரிடம் ரைபிள் வாங்கி, லைசென்ஸும் எடுத்திருந்தான். புதுத் தோட்டா கிடைப்பது லேசில்லை. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்புவான். சுட்ட கூடு உப்பிப்போயிருக்கும். டைக்குள் அதை அழுத்தி, பழைய அளவுக்கு ஒடுக்க வேண்டும். அதை அவனே செய்துகொள்வான். டை மக்கர் செய்தால் என்னிடம் வரும்.

அந்தத் தடவை கூட்டில் நீளவாக்கில் கீறல் விழுகிறது என்று டையையும் ஆறு கூடுகளையும் கொடுத்தனுப்பியிருந்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் போதாமல் அழுத்தியிருக்கிறான், மடையன். பித்தளைத் துணுக்கு ஒன்று உள்சுவரில் அப்பிக்கொண்டிருந்தது. செம்புக் கம்பியால் அதைச் சுரண்டி எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்தேன். அதோடு வேலை முடிந்தது.

முடிந்தது என்று விட்டேனா? உள்ளே கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஆறுச்சாமி இதைப் பூசையில் வைப்பான். என் மகள் ஆமினா காய்ச்சலில் கிடந்தபோது ஆனைமலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவன் அவன். அவன் சாமிக்கு முன்னால் வைக்கிற பொருள் பளபளவென்று இருக்கட்டும் என்று, எமரித் தாளைக் குச்சியில் சுற்றி, லேத்தில் ஓட்டிவிட்டேன். நன்றாகத்தான் மின்னியது. டையின் துளை ஒரு மயிரிழை அகலமும் ஆகிவிட்டது; அதில் ஒடுக்குகிற கூடும் அந்த அளவுக்குப் பருமனாகவே வரும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மயிரிழை ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆறு கூடுகளையும் அதிலேயே ஒடுக்கினேன்.

பூசையன்று நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"காளி, இங்க வா. உங்கண்ணன் செஞ்ச வேலையப் பாரு. மூஞ்சி தெரியுது" என்று மனைவி காளியாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"ஆமினாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமில்லீங்கண்ணா" என்று அவள் தட்டு நிறையப் பொரியும் கடலையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஒடுக்கிய கூட்டை மருந்து போடுவதற்கு முன் ரைபிளில் போட்டு, தோட்டாவை உள்ளே தள்ளும் தாழ்ப்பாளான போல்ட் தடையில்லாமல் மூடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். எப்போதும் நான்தான் ஆரம்பிப்பேன். "துப்பாக்கியக் கொண்டா, போட்டுப் பாத்துரலாம்" என்பேன். அவன் அலுத்துக்கொண்டால் திட்டுவேன். அன்றைக்கு ரைபிள் மாலையும் சந்தனமுமாகப் பூசையில் இருந்தது. மறுநாள் மறுபூசை ஆகும்வரை அதைத் தொடக்கூடாது. வேற்று மதத்துக்காரன் நான் போய் அதை எடு என்று எப்படிச் சொல்வது? வாய்வரைக்கும் வந்ததைப் பொரியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருப்பான், பாவி.

மறுநாள் முதல் பஸ்ஸில் நான் ஊர் திரும்பினேன். அன்று மதியம் பட்டியில் ஆடு தூக்கிய சிறுத்தையைத் தேடி ஆறுச்சாமி போனான். ரைபிளில் முதலில் இருந்தது பழைய தோட்டா. அது வெடித்து, சிறுத்தைக்குக் காயம் பட்டது. அடுத்தது நான் ஒடுக்கிய கூடு. போல்ட் பாதியில் நின்றுவிட்டது. காயம்பட்ட சிறுத்தை காத்திருக்குமா?

சிக்கிய தோட்டாவை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். எடுத்தேன். நான் தேய்த்த டையின் பளபளப்பு அந்தப் பித்தளையில் அப்படியே இருந்தது. "துப்பாக்கி பழசா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஆமாங்க, பழசுதானுங்க" என்றேன். ஊரையே திட்டுகிற வாய் இதுதான்.

ஆறுச்சாமியின் கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. காளியாத்தாள் முன்னால் உட்கார்ந்து எமரித் தாளைச் சொன்னேன். போட்டுப் பார்க்காததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.



"மறுபூசை ஆனதீம் மருந்து நெரப்ப உக்கோந்தாருங்கண்ணா" என்றாள். "கூட்டைப் போட்டுப் பாத்துட்டீங்களான்னு நாங்கூடக் கேட்டனுங்க. 'அட, ரசாக்கு ஒண்ணும் சொல்லுலியே காளி. சரியில்லீன்னா அவன் வாய் சும்மா இருக்குமா'ன்னு சிரிச்சாருங்க. சிரிச்சுட்டே ஆறுலயும் நெரப்பிப்போட்டாரு."

அவள் எழுந்தாள். உள்ளே போய் அந்த டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். சந்தனம் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.