இரண்டு ஊசியும் ஒருத்திக்கே

எங்களிடம் இரண்டு கறுப்புப் பசுக்கள். இரண்டும் சினை. அச்சு அசலாக ஒரே சாயல். அப்படித் தெரிவது எனக்கு மட்டும்தான் என்பாள் என் மனைவி. குணம் வேறு. ஒன்றுக்குத் தீனி வாளியின் சத்தம் காதில் விழுந்தால் போதும், முளையைப் பிடுங்கிக்கொண்டு வரும். அது அவசரக்காரி. மற்றது சாது.

போன வருஷம் சாது ஈன்ற கன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கழிச்சல். தண்ணீராகப் போய்ப் போய்க் கண் குழிவிழுந்து, என் மனைவியின் மடியிலேயே தலையைச் சாய்த்தது. இன்னொரு கன்றை அப்படிப் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கும் இல்லை; நான் வெளியே சொல்லமாட்டேன், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த முறை சினையிலேயே தடுப்பூசி. "ஊசி அம்மாவுக்கு, பாதுகாப்பு கன்னுக்கு" என்றார் டாக்டரம்மா. தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இறங்குமாம். கன்று பிறந்த சூட்டோடு அதைக் குடித்துவிட வேண்டுமாம்.

ஊசி போட்ட சமயம் மனைவி, தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். தொழுவத்துக்கு நான்தான் ராஜா. முன்வாசல் வழியாக ஒன்றைக் கொண்டுவந்து மரச்சட்டத்துக்குள் நிறுத்தினேன். டாக்டரம்மா கழுத்தில் ஊசி போட்டார். பின்வாசல் வழியாக வெளியே விட்டேன். அடுத்ததற்காக முன்வாசலில் நின்று வாளியைத் தட்டியதும் அது தானாகவே வந்து நின்றது.

"பரவால்லயே, இவ சொல்லாமலே வர்றா!"

"வளர்ப்பு அப்படி, டாக்டர்" என்றேன்.

இந்த முறை மறுபக்கம் நின்று கழுத்தின் அந்தப் பக்கத்தில் போட்டார். வேலை முடிந்தது.

சில வாரம் கழித்து மனைவி திரும்பினாள். வந்ததும் பசுக்களைத் தடவிக்கொடுத்தவளின் கை ஓரிடத்தில் நின்றது.

"ஏங்க, இங்க வாங்க. அவசரக்காரிக்குக் கழுத்துல ரெண்டு பக்கமும் சின்னதா கட்டி இருக்கு. சாதுவுக்கு ஒண்ணுமே இல்லையே?"

பின்வாசலில் விட்டவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வாளிக்காக முன்வாசலுக்கு வந்திருக்கிறாள். நான் அவளுடைய ஒழுக்கத்தைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஈனும் நாள் நெருங்கி, சாதுவின் மடி அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இனிமே போட்டா சீம்பால்ல இறங்க நேரம் பத்தாதுங்க."

"ரெண்டு ஊசி வாங்கினவளுக்கு ஏதாவது ஆயிடுமா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத்தான் வீட்ல ஏதாவது ஆகும்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "சாது கன்னு போட்டா அவ சீம்பாலையே உடனே குடுங்க, காத்திருக்காதீங்க. அவசரக்காரி ஈன்னதும் அவ கன்னு குடிச்சது போக மிச்சத்தைக் கறந்து சாது கன்னுக்கும் குடுங்க. கொஞ்ச நாள் விடாம குடுங்க. வயித்துக்குள்ள இருந்து காக்கும்."

ஆக எல்லாம் அவசரக்காரி கையில். பிறந்ததிலிருந்து பறந்துகொண்டிருந்தவள் அந்த வாரம் பார்த்துத்தான் நிதானம் கற்றுக்கொண்டாள். அசைபோட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சாதுதான் முதலில் ஈன்றாள். கிடேரிக் கன்று. தாயின் சீம்பாலை உடனே ஊட்டினோம்.

மறுநாள் முழுக்க நாங்கள் மாறி மாறி ஒரு கன்றின் வாலைப் பார்த்துக்கொண்டும், ஒரு பசுவின் மடியைத் தொட்டுக்கொண்டும் இருந்தோம். அதற்கடுத்த காலையில் கன்றின் சாணம் இளகியிருந்தது. மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கண்ணு உள்ள போயிருக்கா, பாருங்க" என்றாள்.

"இல்லம்மா."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. ரெண்டு மாட்டையே ஒழுங்கா பாக்கத் தெரியாத ஆளு நீங்க."

டாக்டரம்மா சொன்னபடி உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம். மதியம் அவசரக்காரி படுத்தாள், முக்கினாள், ஒருவழியாக ஈன்றாள். அவளுடைய கன்று வயிறு முட்டக் குடித்ததும் நான் கறக்க உட்கார்ந்தேன். முதல் உதை என் முழங்காலில் விழுந்தது.

"கால் போனா போகுது, பாலைக் கொட்டிடாதீங்க!" என்றாள் மனைவி, பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி.

பாட்டிலில் ஊற்றி சாதுவின் கன்றிடம் கொண்டுபோனோம். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனைவி விரலைப் பாலில் நனைத்து வாய்க்குள் விட்டாள். சப்பியது. விரலை மெல்ல உருவி ரப்பர் காம்பை வைத்தாள். ஒரு மிடறு. நின்றது. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். இன்னொரு மிடறு. அப்புறம் பாட்டில் காலியாகும்வரை நிற்கவில்லை.

அன்று மாலையும் இளகித்தான் போனது. மறுநாளும்தான், ஆனால் தண்ணீராக இல்லை. வேளை தவறாமல் பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு காலையில் கன்று வாலைத் தூக்க, நாங்கள் இருவரும் அதன் பின்னால் குத்துக்காலிட்டோம்.

"கெட்டிதானே?" என்றேன்.

"கெட்டி மாதிரிதான் இருக்கு."

மாதிரி என்ற சொல் எனக்குப் போதவில்லை. குச்சியைத் தேடப் பொறுமையில்லாமல் விரலாலேயே அழுத்திப் பார்த்தேன். கெட்டிதான்.

"அய்யே, கையைக் கழுவுங்க!" என்று கத்தியவள் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வேளைப் பால் எங்கே என்று கன்று அவள் முதுகை முட்டத் தொடங்கியது.