எங்கட பெடியனின் மூன்று கொள்கைகள்

சுஜீத் பாலேந்திரா தேர்தலில் நின்றபோது அவருடைய துண்டுப் பிரசுரத்தில் மூன்று விஷயங்கள் பெரிய எழுத்தில் இருந்தன. சிறு வியாபாரிகளுக்கு வரியைக் குறைப்பேன். தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டும், ஆகவே பருவகால வேலை விசாவைக் கூட்டுவேன். ஆனால் ஆறு மாதம் முடிந்தால் வந்தவர் வந்த வழியே போய்விட வேண்டும். நாட்டின் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு இல்லை. இதில் எங்கள் ஆட்கள் எதை வாசித்தார்கள் என்று கேட்டால், கடை வைத்திருந்தவர்கள் வரியை வாசித்தார்கள். மற்றவர்கள் பெயரை மட்டும் வாசித்தார்கள்.

நான் பெயரை வாசித்தவள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து, கால் கடுக்க, மழையில் நனைந்து, அந்தப் பிரசுரத்தைக் கதவு கதவாகப் போட்டேன். "எங்கட பெடியன் நிக்கிறான், மறக்காமல் போடுங்கோ" என்று சொன்னேன். பெடியன் வென்றார். அதன் பிறகு கோவில் திருவிழா, பங்கு விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அவர்தான் பிரதம விருந்தினர். அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளை வரிசையாக விரித்தால் டூட்டிங் வரைக்கும் போகும். அவருக்குத் தெரிந்த தமிழ் "வணக்கம்", "நன்றி", "சாப்பிட்டீங்களா". அதற்கே சனம் கை தட்டியது.

அந்த வருடம் என் தம்பி யாக்கோப்பு பருவகால விசாவில் ஸ்ட்ரோபெரி பறிக்க வந்தான். மன்னாரில் கடலுக்குப் போகிறவன், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே. கென்ட் பக்கம் ஒரு தோட்டத்தில், கரவன் என்கிற வண்டி வீட்டில் ஐந்து பேரோடு படுத்து எழும்பி வேலை செய்தான். மூன்றாம் மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை, சொன்ன கிலோவுக்குப் பறிக்க முடியவில்லை. வேலை இல்லை, கரவனை விடு என்று அனுப்பிவிட்டார்கள், என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முதுகு சரியானதும் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டால், கூட்டிவந்த ஏஜென்சி போனையே எடுக்கவில்லை.

அவன் கேட்டது இவ்வளவுதான்: மிச்ச மாதங்களுக்கு இன்னொரு தோட்டம். முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். எம்.பி. ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டால் ஏஜென்சி அசையும் என்று நான்தான் சொன்னேன். எம்.பி.மார் கிழமை முடிவில் உட்கார்ந்து தொகுதி ஆட்களின் குறை கேட்பார்கள். நூலகத்தின் பின்னறையில் நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம். சுஜீத் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அன்ரி, சாப்பிட்டீங்களா?" என்றார். மிச்சமெல்லாம் ஆங்கிலத்தில், நான்தான் நடுவில் மொழிபெயர்த்தேன்.

தோட்டக் கதையை முழுதாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான் என்று நினைத்தேன். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "மன்னார் என்றால், போர் முடிந்தபோது இவர் எங்கே இருந்தார்?" என்று கேட்டார்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவனிடம் எல்லாரும் எத்தனை கிலோ என்றுதான் கேட்டார்கள். ஒருவராவது நீ யார், என்ன பட்டாய் என்று கேட்கவில்லை.

"அக்கா, எல்லாத்தையும் சொல்லட்டோ?"

"சொல்லு. ஏன் பயம்? எங்கட பெடியன்தானே."

அவன் சொன்னான். "பதினாறு வயசில இயக்கம் என்னைப் பிடிச்சுக்கொண்டு போனது. அம்மா வாகனத்துக்குப் பின்னால ஓடி வந்தவ. ரெண்டு கிழமை பயிற்சி. துவக்கை நான் ஒருக்காலும் ஆரையும் பாத்துப் பிடிக்கேல்லை, காயப்பட்டவையைத் தூக்கிறதுதான் என்ர வேலை. கடைசியில ஆமியிட்டச் சரணடைஞ்சு, ஒரு வருசம் புனர்வாழ்வு முகாம். அதுக்குப் பிறகு கடல்தான், வேறை ஒண்டும் தெரியாது."

ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சுஜீத்தின் கண் கலங்கியது, அதைக் கண்ணால் கண்டேன். எழுந்து வந்து தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். தன் அப்பாவும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்தான் என்றார். வெளியே வந்ததும் யாக்கோப்பு கண்ணைத் துடைத்தான். "எங்கட ஆக்கள் பெரிய இடத்தில இருக்கிறது எவ்வளவு நல்லம் அக்கா" என்றான். ஏஜென்சிக்கு மின்னஞ்சல் போனதோ என்னவோ, எந்தத் தோட்டமும் கூப்பிடவில்லை.

சில கிழமை கழித்து, ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாருடைய போனிலும் ஒரே வீடியோ வந்தது. பாராளுமன்றத்தில் பருவகால விசா பற்றி விவாதம், சுஜீத் எழுந்து பேசுகிறார்.

"நான் ஓர் அகதியின் மகன். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரு மனிதர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மன்னார் மீனவர். பதினாறு வயதில், தடைசெய்யப்பட்ட ஓர் அமைப்பில் ஆயுதப் பயிற்சி பெற்றவர். கென்ட் தோட்டத்தில் நம் பிள்ளைகள் சாப்பிடும் பழத்தைப் பறித்துக்கொண்டிருந்தவர். அவரிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? விசாவைக் கூட்டுங்கள். ஆனால் உள்ளே வருவது யார் என்று பார்த்துக் கூட்டுங்கள்."

வாட்ஸ்அப் குழுமத்தில் கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. "என்ன மாதிரி இங்கிலிஷ் கதைக்கிறான் பாருங்கோ" என்று பக்கத்தில் நின்ற கடைக்காரர் ஒருவர் பூரித்துப்போனார். நான் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு வீடியோவைத் திரும்பவும் முதலிலிருந்து ஓடவிட்டேன். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னோமே, அது எங்கே? பின்னால் ஓடிய அம்மா எங்கே? காயப்பட்டவர்களைத் தூக்கியது எங்கே? தனக்குப் பழுத்ததை மட்டும் பறித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்.

அந்தப் பேச்சை ஊர் யூடியூப்காரர்கள் எடுத்துத் தலைப்புப் போட்டுத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். இங்கிலாந்துக்கு ஸ்ட்ரோபெரி பறிக்கப் போன மன்னார் மீனவர்கள் ஊருக்குள் எத்தனை பேர்? என் தம்பி ஒருவன்தான். அவன் மனைவி மேரிசாந்தி ஊரிலிருந்து என்னை அழைத்தாள்.

"மச்சாள், ரெண்டு பேர் வந்தவை. சிவில் உடுப்பு. லண்டனில எம்.பியிட்ட என்ன கதைச்சவர், எப்ப திரும்பி வாறார் எண்டு கேட்டவை. கலியாணப் படத்தையும் போனில பிடிச்சுக்கொண்டு போட்டினம். பெரியவன் பயத்தில பள்ளிக்கூடம் போகேல்லை. இவரை இப்ப வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

விசா முடியப் போகிறது. வர வேண்டாம் என்றால் அவன் எங்கே போவான்? மறுபடி அந்தப் பின்னறைக்குப் போனேன். இந்த முறை தனியாக.

"அன்ரி, நான் பெயர் சொல்லவில்லையே" என்றார் சுஜீத். ஒரு குற்றமும் செய்யாத முகம்.

"ஊரைச் சொன்னனீங்கள், தொழிலைச் சொன்னனீங்கள், வயசைச் சொன்னனீங்கள். இன்னும் என்ன மிச்சம், ஐடென்டிட்டி கார்ட் நம்பரோ?" என்று தமிழில் பொரிந்து தள்ளினேன். பிறகு விளங்கட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "திரும்பிப் போகப் பயமென்றால் அவர் அகதி விண்ணப்பம் போடலாம், அது அவருடைய உரிமை" என்றார் மெதுவாக. "ஆனால் பருவகால விசாவில் வந்துவிட்டு அகதி என்று நிற்பவர்கள் விஷயத்தில் என் நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே அன்ரி அந்தப் பிரசுரத்தை வீடு வீடாகக் கொடுத்தீர்கள்?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். எல்லாவற்றையும் முன்கூட்டியே பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்திருந்தார்.

விண்ணப்பம் போட்டோம். ஹவுன்ஸ்லோவில் வழக்கறிஞர் சிவரூபினி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். புனர்வாழ்வு முடித்து இத்தனை வருடம் ஊரில் நிம்மதியாக இருந்தவனுக்கு இப்போது என்ன புது ஆபத்து என்று அதிகாரிகள் கேட்பார்கள் என்றார். "அந்தப் பேச்சுத்தான் புது ஆபத்து. ஆனால் அதில் பெயர் இல்லை. பேச்சில வாற ஆள் உங்கட தம்பிதான் எண்டு எம்.பியின்ர ஒஃபிஸ் ஒரு வரி எழுதித் தந்தால் வழக்குக்குப் பெரிய பலம். கேட்டுப் பாருங்கோ."

ஒரு வரி. பாராளுமன்றத்தில் அத்தனை வரி பேசியவருக்கு ஒரு வரி பெரிய விஷயமா என்று நம்பிக்கையோடு எழுதிக் கேட்டேன். யாக்கோப்பு தினமும் காலையில் என்னைப் பார்ப்பான், நான் இல்லையென்று தலையாட்டுவேன். அவன் கரண்டியை எடுத்து மெதுவாகச் சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பான்.

எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை செய்யும் ஜெனோஜா கடைசியில் என்னை அழைத்தாள். எங்கள் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, மரியாதையான பிள்ளை. ஸ்பீக்கரில் போட்டேன். யாக்கோப்பு பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்ரி, ஐ ஆம் ஸோ சொறி. அப்படி லெட்டர் தர ஏலாது. தன்னைச் சந்திக்க வாற ஆக்களைப் பற்றி எம்.பி. ஆருக்கும் ஒண்டும் உறுதிப்படுத்திறேல்லை. அது கொன்பிடென்ஷியல்."

"அப்ப பார்லிமென்டில ஆரைப் பற்றிப் பிள்ளை கதைச்சவர்?"

"அதைத்தான் அன்ரி சொல்ல ஏலாது" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் மறுபடி சொறி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் பேசியதில் பாதி ஆங்கிலம், தம்பிக்குச் சரியாக விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னவாம் அக்கா?"

இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"உன்ர ரகசியத்தை அவையள் கவனமாய்க் காப்பாத்தினமாம்" என்றேன்.