இருபத்திரண்டு பேருக்கு இரண்டு டன்

உத்தமன் கேட்ட முதல் கேள்வியிலேயே வீடு இரண்டாகிவிட்டது.

"ஊட்ல எத்தினி பேரு, அண்ணாத்தே?"

"ரெண்டு," என்றார் வேதமுத்து.

"இருபத்திரெண்டு," என்றாள் அவர் மனைவி ஜெயசீலி, சமையலறையிலிருந்து.

ஏசிக்கு அளவெடுக்க வந்த உத்தமன் பேனாவை மூடிவிட்டான்.

ஜெயசீலி எண்ணியது தன்னையும் சேர்த்து வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்து ஆட்களை; அதில் வேதமுத்து கிடையாது. திருமுல்லைவாயிலில் பதினோரு வருஷமாக அது அவள் வீட்டு ஹாலில்தான் நடந்தது. போன மே மாதம் மொட்டைமாடிச் சூடு கீழே இறங்கி, பாடிக்கொண்டிருந்த ஒரு அம்மா பாட்டோடு மயங்கிச் சாய்ந்துவிட்டார். மறுவாரமே கூட்டம் ஏசி உள்ள ஸ்வீட்லின் வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஜெயசீலி தன் சுண்டலை டப்பாவில் தூக்கிக்கொண்டு போய், இன்னொருத்தி ஹாலில் விருந்தாளியாக உட்கார்ந்து வந்தாள். கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் இந்த ஏசி.

வேதமுத்துவுக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் மனிதர் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் தகரம் மடித்து, ஆபீஸ் ஆபீஸாகக் காற்றுக் குழாய், அதாவது டக்ட், செய்தவர். தேவைக்கு மேல் பெரிய மிஷின் போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் போகாது, வீடு பிசுபிசுக்கும் என்றார். வாரத்தில் இரண்டு மணி நேரக் கூட்டத்துக்காக, உத்தமன் சொன்ன மூன்று டன்னா? ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சேர்த்து இரண்டு டன் போதும். அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. அதுதான் கொடுமை.

டக்டையாவது கொஞ்சம் அகலமாக விடச் சொல்லிப் பார்த்தான் உத்தமன்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே டக்ட் மடிச்சவன்பா நான்."

தன் கையாலேயே செய்தார். வளைவில் ஒரு சுருக்கம் கிடையாது. அதை சீலிங்குக்குள் ஒளித்து மூடியபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் மாதிரி நின்றார்.

முதல் வாரம் இரண்டு பேருக்கும் அருமையாகக் குளிர்ந்தது. ஜெயசீலி கூட்டத்தை அழைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது ஆள் வரும்வரை வேதமுத்து ஜெயித்துக்கொண்டிருந்தார். பதினாறில் ஹால் வெதுவெதுத்தது. இருபதாவது ஆள் பாட்டுப் புத்தகத்தை விசிறியாக்கினார். வாசலில் செருப்புக் குவியல் கதவைச் சாத்தவிடவில்லை. இருந்த குளிரும் தெருவுக்குப் போயிற்று. வேதமுத்து படுக்கையறைக் காற்றை அடைத்து எல்லாவற்றையும் ஹாலுக்குத் திருப்பினார். அவருடைய ஒல்லி டக்ட் அத்தனை காற்றைத் தாங்காமல் விசிலடிக்கத் தொடங்கியது, ஜெபத்தின் நடுவில். ஸ்வீட்லின் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். ஜெயசீலி திறக்கவே இல்லை. மூடிய இமைகள் மட்டும் துடித்தன.

பெரிய மிஷின் மாட்டலாமென்றால் இந்த டக்ட் பத்தாது. டக்டை மாற்ற சீலிங்கைப் பிரிக்க வேண்டும். இப்போதைக்கு அவரால் குறைக்க முடிந்தது ஒரே ஒரு ஆளைத்தான்.

எழுந்து வெளியே வந்தார். செருப்புகளைச் சுவரோரம் ஜோடி ஜோடியாக அடுக்கி, கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தாமதமாக வந்தவர்களுக்கு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்துவிட்டார். பக்கத்திலிருந்த அவுட்டோர் யூனிட் உள்ளேயிருந்த அத்தனை பேர் சூட்டையும் வாரி அவர் முகத்தில் ஊதியது. நியாயம்தான் என்று பட்டது.

கூட்டம் கலைந்ததும் ஜெயசீலி சுண்டலோடு வந்தாள். தொப்பலாக நனைந்த அவர் சட்டையைப் பார்த்தாள்.

"கதவு சாத்தினப்புறம் பரவால்லையாம். அடுத்த வாரமும் இங்கதானாம். விசில் மட்டும் வேணாமாம்."

சுண்டலைத் தொடாமல் அவர் உத்தமனுக்குப் போன் போட்டு, மறுபடி அளவெடுக்க வரச் சொன்னார். அவன் சிரிக்காமல் கேட்டது பெரிய மனசு.

"இந்த வாட்டி எத்தினி பேரு போட்டுக்கட்டும், அண்ணாத்தே?"

"இருபத்திரெண்டு," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்ல, இருபத்திமூணு. என்னையும் உள்ள சேத்துக்கோ."