கினுவைக் கட்டிய கல்

கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து கினுவால் அந்தக் கல்லை விட்டுப் போக முடியவில்லை. கூப்பிடு தூரம் தாண்டினால் போதும், எந்தப் பாதையும் அவளைத் திருப்பிக் கொண்டுவந்து கணவன் தொராகிச்சியின் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில், புத்த பிட்சுவின் முகம் செதுக்கிய அந்தக் கல்லின் முன்னால் விட்டுவிடும். ஒருமுறை மாட்டின் மேல் ஏற்றித் துறைமுகத்திலிருந்த தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடு துறைமுகம் போய்ச் சேர்ந்தது. கினு கல்லருகே உட்கார்ந்திருந்தாள். ஜப்பானின் அந்த அமகுசா மலையில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. "என்னடி, மறுபடியும் சுத்திக்கிட்டு வந்துட்டியா? செருப்புதான் தேயுது," என்பாள் பக்கத்துத் தோட்டத்து ஒஷிகே.

வருடங்கள் போயின. துறைமுகத்தில் தாய் நோயில் படுத்துவிட்டாள் என்று செய்தி வந்த அன்று கினு ஏழெட்டு முறை கிளம்பினாள். கடைசியில் கல்லின் மேலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ கல்லை விட்டுப் போக முடியாது. சரி, கல்லு உன்கூட வரலாமில்ல?" என்றான் தொராகிச்சி.

"அப்ப தோண்டுங்களேன்!"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, தன் அப்பா சாகும்போது சொன்னதைச் சொன்னான். முன்னோர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தபோது சிலுவைக் கல்லைத் தலைகீழாகப் புதைத்து, வெளியே நின்ற முனையில் பிட்சுவின் முகத்தைச் செதுக்கிவிட்டார்கள். சிலுவை அதிகாரிகளின் கண்ணில் பட்டால் குடும்பத்தோடு தலை போகும்.

"வேணாங்க," என்றாள் கினு. அவன் அதற்குள் மண்வெட்டியை எடுத்திருந்தான்.

சிலுவைப் பக்கம் தன் முதுகில் அழுந்தும்படி கல்லைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் நடக்க, கினு பின்னால் போனாள். பாதை திரும்பவில்லை. சோதனைச் சாவடியில் காவலன் மறித்தான்.

"முதுகுல என்ன?"

"என் பொண்டாட்டியக் கட்டி வச்சிருக்கிற கல்லுங்க."

"ஓ, அந்தச் சுத்துற பொம்பளை இவதானா?" காவலன் சிரித்துச் சிரித்து இருமினான். கல்லைத் திருப்பச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

தாய் வீட்டுக் கொல்லையில் கல்லை இறக்கிக் கழுத்தளவு புதைத்தான். கினு ஓடிப்போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்புவதற்காக மறுபடி தோண்டியபோது கல் அசையவில்லை. வெளியே நின்ற தலையில் கயிறு கட்டித் தெருவே சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கினு அங்கேயே அடைபட்டாள். தொராகிச்சி தோட்டத்தை விற்றுவிட்டு வலை பின்ன உட்கார்ந்தான்.

முதல் பனி விழுமுன் தாய் இறந்தாள். சவ ஊர்வலத்தோடு அழுதுகொண்டே நடந்த கினு, தெருமுனையில் காணாமல் போனாள். பாடையைத் தூக்கிப் போனவர்கள் அவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து நின்றார்கள். பாடையைத் திருப்பிக்கொண்டு வந்து, கொல்லையிலேயே, அவளுக்கு எட்டும் தூரத்தில் குழி வெட்டினார்கள்.