புள்ளிக்கு அப்புறம் எழுத்து

அறையில் இருந்தவர்கள்: கூட்டுறவுச் சங்கச் செயலாளர் சேது, டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப்போட்ட அம்சவள்ளி, அதே வேலைக்கு மனுப்போட்ட முரியல். மேசைமேல் சங்கம் புதிதாக வாங்கிய தமிழ் டைப்ரைட்டர். 1984, மலேசியாவின் கோலசிலாங்கூரில் வியர்வை கொட்டும் ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

அம்சவள்ளி அடித்து முடித்துவிட்டாள். மெதுவாகத்தான், ஆனால் பக்கம் சுத்தம்.

முரியல் உட்கார்ந்தாள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தைப் பாதியில் விட்டவள். பாசிர் பெனம்பாங்கில் இறால் உரித்து உரித்து விரல்நுனிகள் வெடித்திருந்தன. இந்த வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் இறால் கொட்டகை, அவ்வளவுதான். இங்கிலீஷ் மெஷின் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மெஷினைத் தொட்டதே இல்லை. அதன் எழுத்து வரிசைப் படம் ஒன்றைப் பார்த்து அட்டையில் கட்டம் போட்டு, பன்னிரண்டு நாளாக அந்த அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். எஃப் இருந்த இடத்தில் க, ஜே இருந்த இடத்தில் த. கண்ணை மூடினாலும் தப்பாது.

தட்டினாள். நிஜமான சத்தம்! வரி முடிந்ததும் பார்த்தாள். ‘சங்கம்’ என்று அடித்தது ‘சஙக்ம’ என்று நின்றது.

சேது எட்டிப் பார்த்தார். “என்ன புள்ள, புள்ளியெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருச்சு?”

“அட்டையில படிச்சா அப்பிடித்தான் லா,” என்றாள் அம்சவள்ளி.

முரியல் மறுபடியும் மெஷின்மேல் குனிந்தாள். புள்ளியை மட்டும் ஒரு தட்டு தட்டினாள். புள்ளி விழுந்தது, உருளை நகரவில்லை. இன்னொரு தட்டு. நகரவில்லை. பிறகு ‘ம’. அது நேராகப் புள்ளிக்கடியில் வந்து உட்கார்ந்தது. கையால் எழுதினால் எழுத்துக்குப் பிறகுதான் புள்ளி. இந்த மெஷினுக்குப் புள்ளிதான் முதலில். அட்டை எங்கே நகர்ந்தது, அதைச் சொல்ல?

“அண்ணே, புள்ளி முன்னால! முன்னாலயே வெக்கணும்!” அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றாள் அம்சவள்ளி.

“தெரிஞ்சும் சொல்லலியா?”

“நீ கேக்கலியே.”

சேது சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிள் சாவியை எடுத்தார். “புக்கிட் பெலிம்பிங் வரைக்கும் போய்ட்டு நாலு மணிக்கு வரேன். ஒரு பக்கம், ஒரு தப்பு இருக்கக் கூடாது. இருந்துச்சு, வேல அம்சவள்ளிக்குத்தான். கதவச் சாத்திக்க, இல்லன்னா எவனாச்சும் வந்து நிப்பான்.”

சேதுவும் அம்சவள்ளியும் படியிறங்கும்வரைகூட முரியலுக்குப் பொறுமையில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டையும் திருகினாள். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.